எந்திரிச்சுத் திட்டட்டும்

பேசிட்டே வந்தா தப்பா நெனச்சுக்க மாட்டீங்களே தம்பி? சும்மா உக்காந்தா நெனப்பெல்லாம் நெஞ்சு மேலயே போகுது. தாராபுரந்தானுங்களே போறீங்க? நானும் அங்கதான். ஆஸ்பத்திரிக்கு. பெருசா ஒண்ணுமில்லீங்க. காத்தால மாட்டுக்குச் சோளத்தட்டுப் போட்டுட்டு நிமுந்தேன், நெஞ்சுக்குள்ள ஒரு கல்லத் தூக்கி வச்சாப்பல இருந்துச்சு. வாயுவாத்தான் இருக்கும். சீரகத் தண்ணி காய்ச்சிக் குடிச்சுப் பாத்தேன், அசையல. சரி, எதுக்கும் டாக்டர்கிட்டக் காட்டிட்டு வந்தர்லாம்னு பஸ் ஏறிட்டேன்.

ஏறுன ஊருங்களா? கோட்டக்காட்டுவலசு. ஆமா ஆமா, அதே ஊருதான். ஊர்க்காரங்களே சேந்து ஆம்புலன்ஸ் ஓட்டறாங்கன்னு பேப்பர்ல போட்டாங்களே, அந்த ஊருதான். நீங்களும் படிச்சிருக்கீங்க. அப்பறம் எதுக்கு அத உட்டுட்டு இந்த லொடலொட பஸ்ஸுல வர்றீங்கன்னு கேக்கறீங்க. ஞாயந்தான். அந்த வண்டியில எல்லாரும் போகலாம் தம்பி. நான் போக முடியாது.

சொல்றேன். டவுனு வர்ற வரைக்கும் நேரங் கெடக்குதே.

எங்கூரு ஒரு கோடிங்க. டவுனுல இருந்து கவருமெண்டு ஆம்புலன்ஸு, அந்தப் பெரிய வண்டி வரோணும்னா தொலைவு. மழை பேஞ்சா ஓடையில தண்ணி எறங்கி ரோடே அடைச்சுக்கும். ஒருக்கா ஒரு புள்ளயப் பிரசவத்துக்கு டிராக்டர்ல ஏத்திட்டுப் போயி, ஓடைக்கு இந்தப் பக்கமே... அத உடுங்க. அதுக்கப்பறம் பாஷான்னு ஒரு லாரி டிரைவரு, அவனும் இன்னும் நாலஞ்சு பேரும் சேந்து ஒரு பழைய ஆம்னி வேன் புடிச்சாங்க. உள்ள சீட்டப் புடுங்கிட்டுப் படுக்கை வச்சு, ஆக்சிஜன் சிலிண்டர் ஒண்ணக் கட்டி, பால் சொசைட்டிக்குப் பக்கத்துல கொட்டாய் போட்டு நிறுத்தினாங்க. ஊருல ஒரு செவுரு பாக்கியில்லாம நம்பர எழுதி வச்சுட்டாங்க. சம்பளம் கிம்பளம் கெடையாது. கூப்பிட்டா, கையில இருக்கற வேலையப் போட்டுட்டு ஓடறாங்க. பாம்புக்கடி, வண்டியில உழுந்தது, மருந்து குடிச்சது, எல்லாத்துக்கும். நல்ல காரியந்தான். நல்லதில்லன்னு நான் ஒருக்காலும் சொன்னதில்ல. அந்தக் கூட்டத்துல ஒருத்தி இருக்கறா. அவதான் எனக்கு வெவகாரம்.

சுகந்தின்னு பேரு. எந்தம்பி தேவராசு சம்சாரம். சம்சாரம்னு ஊருல சொல்லிக்கறாங்க, நானும் சொல்றேன்.

தேவராசு திருப்பூர்ல பனியன் கம்பெனில டெய்லரு. அங்க கூட வேலை செஞ்ச புள்ளயத் தாலி கட்டிக் கூட்டிட்டு வந்து வாசல்ல நின்னான். நம்ம ஆளுக இல்லீங்க. நம்மளுக்குக் கீழ. அதுக்கு மேல கேக்காதீங்க. நான் என்ன பண்ணுவேன் சொல்லுங்க? ஒவ்வொரு ஊருல இதுக்கு என்னென்னமோ பண்றாங்க. நான் வெட்டல, குத்தல. கை நீட்டல. அவ வாசப்படிய மிதிக்கப்படாதுன்னு மட்டுஞ் சொன்னேன். அவ்வளவுதான். அவன் பங்கையும் பிரிச்சுக் குடுத்தேன். மேட்டுக்காடுதான், கெணத்துத் தண்ணி ஏறாது, ஆனா பூமி பூமிதானுங்களே. அவங்க பால் சொசைட்டிக்கு எதுத்தாப்பல வாடகைக்கு ஒரு வீட்டப் புடிச்சு இருந்துக்கிட்டாங்க.

எங்கம்மா செத்தப்ப ரெண்டு பேரும் வந்தாங்க. அவன் உள்ள வந்தான். அவ வெளிய மரத்தடியில நின்னா. நெழல் நவுந்து போயி வெயில்லயே நின்னுட்டிருந்தா. நாந்தானுங்க ஆள் உட்டு நாற்காலி போடச் சொன்னேன். கேட்டுப் பாருங்க ஊருல. உக்காரல. அம்புட்டுத் திமிரு.

அந்தக் கம்பெனில அவளுக்கு மொதலுதவி சொல்லிக் குடுத்திருக்காங்க. மிசின்ல ஊசி ஏறினா என்ன பண்றது, கரண்ட் அடிச்சா என்ன பண்றது, மயங்கி உழுந்தா என்ன பண்றதுன்னு. அத வச்சுட்டு இங்க வந்து பாஷா கூட்டத்துல சேந்துக்கிட்டா. மத்தவங்களுக்கும் அவதான் வாத்தியாரு. அந்த நம்பருக்கு அடிச்சா எடுக்கறதும் அவதான்.

இப்ப எம்பட கதைக்கு வர்றேன்.

போன வருசம் மார்கழி. காத்தால சொசைட்டியில பாலு ஊத்தப் போயிருந்தேன். கேனத் தூக்கி மேடை மேல வைக்கறேன், அம்புட்டுத்தான் எனக்குத் தெரியும். பாக்கியெல்லாம் மத்தவங்க சொல்லித்தான். கேனு ஒரு பக்கம் சாஞ்சு பாலெல்லாம் ஓடுதாம், நான் ஒரு பக்கம் கெடக்கறேனாம். மூச்சு இல்லியாம். சுத்தியும் எங்காளுகதான். ஒருத்தன் சாவிக்கொத்தக் கையில வைக்கறான், ஒருத்தன் தண்ணி தெளிக்கறான், ஒருத்தன் வெங்காயத்த மூக்குல புடிக்கறான். அவ எதுத்த வீட்டுல இருந்து ஓடி வந்தா. கழுத்துல வெரல வச்சுப் பாத்துட்டு, பாஷாவ வண்டி எடுக்கச் சொல்லிட்டு, எம்பக்கத்துல மண்டி போட்டுட்டாளாம். அப்பத்தான் எங்க பங்காளி ஒருத்தன் சொன்னானாம், "அம்மிணி, தொடாத. பெரியவரு எந்திரிச்சா உன்னயத் திட்டுவாரு"ன்னு. அதுக்கு அவ, "எந்திரிச்சுத் திட்டட்டும்"னாளாம்.

சொல்லிட்டு அமுக்க ஆரம்பிச்சுட்டா. நெஞ்சு மேல ரெண்டு கையவும் கோத்து வச்சு. வேர்த்து ஊத்துதாம் அவளுக்கு, மார்கழிக் குளுருல. வண்டி வந்து, என்னயத் தூக்கி வச்சு, வண்டிக்குள்ளயும் அமுக்கிட்டே வந்திருக்கா. போற வழியில மூச்சு வந்துருச்சு. தாராபுரம் ஆஸ்பத்திரி, அங்கிருந்து கோயமுத்தூரு. அடைப்ப எடுத்து உட்டாங்க.

வெலா எலும்பு விரிசல் உட்டுப்போச்சு தம்பி. அமுக்கின அமுக்குல. தும்மினா உசுரு போகும். மெதுவா அமுக்கப்படாதான்னு டாக்டர்கிட்டக் கேட்டேன். அந்த மனுசன் சிரிக்கறாரு. "மெதுவா அமுக்கியிருந்தா நீங்க இப்பக் கேள்வி கேக்க இருக்க மாட்டீங்க. ஆரு அமுக்கினது? அவங்களக் கையெடுத்துக் கும்பிடுங்க"ங்கறாரு. கூட்டத்துல ஆரோன்னுட்டேன். வேற என்னத்தச் சொல்றது?

வீட்டுக்கு வந்தேன். பாக்க வர்றவனெல்லாம் அவ பேரத்தான் சொல்றான். "மறு பொறப்பு எடுத்துட்டீங்க"ங்கறான். பொறப்புன்னா பெத்தவ ஒருத்தி வேணுமுங்களே, அத நெனச்சாச் சாப்பாடு எறங்காது எனக்கு. வாரம் ஒருக்கா அந்த வண்டிக்காரங்க பிரஷர் பாக்க வருவாங்க. பாஷா உள்ள வந்து கையில பட்டையச் சுத்துவான். அவ கேட்டுக்கு வெளியில ரோட்டுலயே நின்னுட்டு, எவ்வளவு இருக்குதுன்னு அவங்கிட்டக் கேட்டுட்டுப் போயிருவா. வாசப்படிய மிதிக்கல. நான் சொன்ன சொல்ல ஒரு நாளும் மீறல. ஒருக்கா மிதிச்சிருந்தான்னா எனக்கு ஒரு புடி கெடைச்சிருக்கும். சண்டை போட்டிருப்பேன். மிதிக்கவே மாட்டேங்கறாளே.

எம்பட சம்சாரம் ராமாத்தா சொல்லுவா, "கூப்புட்டு ஒரு வாய் காப்பி குடுத்தா என்ன"ன்னு. எப்படிக் குடுக்கறது? உள்ள கூப்பிட்டா, இத்தன வருசம் நான் கட்டிக் காத்ததுக்கு அர்த்தமில்லாமப் போகும். கூப்பிடாட்டி, நன்றி கெட்டவன்னு ஊரு பேசும். கூப்பிடவும் முடியாம, உடவும் முடியாம, சன்னலுக்குப் பின்னால நின்னு பாத்துட்டிருப்பேன். நான் என்ன தம்பி பாவஞ் செஞ்சேன், மயங்கி உழுந்தது ஒரு தப்பா?

இதுல இன்னொண்ணு. சொசைட்டில ஒருத்தன் பேச்சுவாக்குல, "அண்ணன் வாயில வாய வச்சு ஊதித்தானே மூச்சு வந்துச்சு"ன்னுட்டான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. நெஞ்ச அமுக்கினது தெரியும். வாய வச்சாளா? தம்பி பொண்டாட்டிங்க. எனக்கு மக மாதிரி மொறை. அதும் அந்தச் சாதி. ராத்திரி பகலு எனக்கு இதே நெனப்பு. ஒருத்தன் வச்சாங்கறான், ஒருத்தன் இல்லங்கறான். அவகிட்டக் கேக்க முடியுமா? பேச்சுவார்த்தையே இல்லியே. ராமாத்தாகிட்டக் கேட்டேன். "வச்சா என்ன, வைக்காட்டி என்ன, இப்பத் தின்னுட்டுத்தானே இருக்கறீங்க"ன்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டா.

கடைசியா பாஷாவப் புடிச்சேன். அவன் பிரஷர் பட்டையச் சுருட்டிட்டே சொன்னான், "வண்டியில துணியப் போட்டு ஊதுச்சுங்க. ஆமா. ஒரு தடவைக்கு மேல ஊதுச்சு. அக்கா ஊதாட்டி நீங்க இல்லீங்க."

துணி போட்டிருந்தாளாம். அத ஒண்ணத்தான் நான் மனசத் தேத்திக்கப் புடிச்சுக்கிட்டது.

அப்பறம் சித்திரையில கோயில் நோம்பி வந்துச்சு. எங்க கொலதெய்வத்துக்குப் பூசைக்கூடை எடுக்கற மொறை எங்க குடும்பத்துக்கு. எங்கய்யன் எடுத்தாரு, நான் எடுக்கறேன். எனக்கு வேற என்ன பெருமை இருக்குது சொல்லுங்க. ஊருல மூத்த பங்காளி காளியண்ணன்னு ஒருத்தரு, கோயில் காரியமெல்லாம் அவரு சொல்றதுதான். அவரு எங்கிட்ட ஆள் உட்டுட்டாரு. "சென்னியப்பன் தீட்டுப் பட்டிருக்கறான். ஒண்ணு கழிச்சுட்டு வரோணும். இல்லாட்டிக் கூடை வேற வீட்டுக்குப் போகும்."

கழிக்கறதுன்னா எப்படீங்கறீங்க? ஆத்துல முழுகி, கோமியங் குடிச்சு, ஈரத் துணியோட கோயில் வாசல்ல சபையில நின்னு சொல்லோணும். "எனக்கு நெனவில்லாதப்ப அவ தொட்டுட்டா. எஞ் சம்மதத்தோட தொடல"ன்னு சொல்லோணும்.

தேவராசு வந்து கேட்டான். அவன் என் வீட்டுக்கு வந்து ரொம்ப நாளாச்சு. வந்து வாசல்லயே நின்னான். "அண்ணா, இது மட்டும் வேண்டாம். கூடைய எடுக்காட்டிப் போகுது"ன்னான். எனக்கு முகத்தப் பாக்கவே சங்கட்டமாத்தான் இருந்துச்சு. ஆனா யோசிச்சுப் பாருங்க, நான் சொல்றதுல பொய் என்ன இருக்குது? நெனவு இல்லதானே? சம்மதம் கேக்கலதானே? உள்ளதத்தான சொல்லப் போறேன்?

சொன்னேன். முழுகினேன், குடிச்சேன், சொன்னேன். கூடையவும் எடுத்தேன். வெலாவுல வலி, கூடை கனம், கண்ணுல தண்ணியே வந்துருச்சு. சனமெல்லாம் பக்தின்னு நெனச்சுட்டாங்க.

எவனோ செல்போன்ல புடிச்சுட்டானுங்க. நான் ஈரத்துணியோட கையக் கட்டிட்டு நின்னு சொல்றது. ஊரு பூராச் சுத்துச்சு. அவளுக்கும் போகாம இருக்குமா? அவ சண்டைக்கு வரல. அடுத்த வாரமும் பாஷாவோட வந்தா. கேட்டுக்கு வெளியில நின்னா. பிரஷர் எவ்வளவுன்னு கேட்டா. போயிட்டா.

ராமாத்தா பண்ணினது வேற. அதத்தான் என்னால தாங்க முடியல. நோம்பி முடிஞ்ச மறுநாள் மத்தியானம் எனக்குச் சோறு போட்டு வச்சுட்டு, பட்டப் பகல்ல ஊரு பாக்க நடந்து போயி, சுகந்தி வீட்டு வாசல்ல எல எடுத்துப் போடச் சொல்லி, உக்காந்து சாப்பிட்டுட்டு வந்தா. எம்பொண்டாட்டி! அப்பறம் தெனமும் போவா. கொஞ்ச நாள் கழிச்சுப் பால் ஊத்தப் போனப்பப் பாக்கறேன், அந்த ஆம்புலன்ஸ் கொட்டாயில சேலைய இழுத்துச் சொருகிட்டு மண்டி போட்டு உக்காந்திருக்கறா. முன்னாடி ஒரு ரப்பர் பொம்மை. பாதி ஒடம்புதான், காலே கெடையாது. அது நெஞ்ச அமுக்கிட்டிருக்கறா. பக்கத்துல சுகந்தி நின்னுட்டு, "கைய மடக்காதீங்கக்கா, நேரா, இன்னும் அமுத்தி"ங்கறா.

வீட்டுக்கு வந்து கேட்டேன், "இந்த வயசுல உனக்கு எதுக்கு இந்த வேலை?" ராமாத்தா வெளக்குமாத்தக் கீழ வச்சுட்டு என்னய நேராப் பாத்துச் சொன்னா, "உங்களுக்கு மறுக்கா வந்தா நானே அமுக்கிக்கறேன். நான் உங்க ஆளுதானே. முழுக வேண்டியதில்ல பாருங்க."

சிரிச்சுட்டுச் சொல்லியிருந்தாப் பரவால்ல தம்பி. சிரிக்கல.

சரி, இதெல்லாம் கூட எப்படியோ போயிருக்கும். நான் ஒருத்தன் மொறையக் காப்பாத்தினேன்னு மனசுல ஒரு தெம்பு இருந்துச்சு. ஆடி மாசத்துல அதுவும் போச்சு.

காளியண்ணன் தோட்டத்துல தட்டு வெட்டற மிசின். இவரு தட்டத் தள்ளி உட்டுட்டே ஆருகிட்டயோ பேசிட்டிருந்திருக்கறாரு. சட்டைக் கை மாட்டி, கைய உள்ள இழுத்துருச்சு. ரத்தம் கெணத்து மோட்டாராட்டப் பீச்சுதாம். வீட்டுல இருந்தவங்க வேற ஆரையும் கூப்பிடல. சுகந்திக்குத்தான் அடிச்சாங்க. அவ வந்து, கரண்ட நிறுத்தி, மேல இறுக்கிக் கட்டி, கையத் தூக்கிப் புடிச்சுட்டு, அவரு தலைய மடியில வச்சுட்டு டவுனு வரைக்கும் போயிருக்கறா. அவரு வழி நெடுக, "அம்மிணி, என்னய உட்டுறாத, என்னய உட்டுறாத"ன்னாராம். வெரலு ரெண்டு போச்சு. கை பொழச்சுது.

நான் என்ன நெனச்சேன்னா, வரட்டும், ஆத்துல முழுக எனக்கு ஒரு தொணையாச்சுன்னு நெனச்சேன். கட்டுப் பிரிச்சு வீட்டுக்கு வந்தாரு. நாளு போகுது, ஒரு பேச்சையுங் காணோம். நானே போயிக் கேட்டேன்.

"என்னங்கண்ணா, முழுக்கு எப்ப வச்சிருக்கறீங்க?"

"என்ன முழுக்கு?"

"தீட்டுக்குத்தான். மடியிலயே படுத்துட்டுப் போனீங்களாமா."

"அட, ரத்தம் ஓடிட்டிருக்குது, அதுல போயிச் சாஸ்திரம் பாக்க முடியுமா சென்னியப்பா?"

"எனக்கு மூச்சே நின்னு போச்சுங்களே!"

அதுக்கு அவரு என்ன சொன்னாரு தெரியுங்களா? "அப்பக் காலம் வேற, இப்பக் காலம் வேற"ங்கறாரு. சித்திரைக்கும் ஆடிக்கும் நடுவுல என்னங்க காலம் மாறும்? பயிரு கூட மாறாதே! பக்கத்துல உக்காந்திருந்த பங்காளிக எல்லாம் தலையக் குனிஞ்சுட்டுச் சிரிக்கறாங்க. இப்ப அந்த வண்டிக்குப் புது டயரு போட்டுக் குடுத்ததே காளியண்ணன்தான். போன மாசம் அவளக் கூப்பிட்டுப் பள்ளிக்கூடத்துல வச்சுச் சால்வை போத்துனாங்க. காளியண்ணன் கையால. அந்த மூணு வெரல் கையால.

அநியாயமா இல்லீங்களா? நீங்களே சொல்லுங்க. மொறை மொறைன்னு என்னய ஆத்துல தள்ளி உட்டுட்டு, அல்லாரும் கரையேறிட்டாங்க. முழுகினவன் நான் ஒருத்தன். சபையில வாயத் தெறந்து சொன்னவன் நான் ஒருத்தன். இப்ப ஊருல ஆருக்கு என்ன ஆனாலும் அந்த நம்பருக்கு அடிக்கலாம். காளியண்ணன் அடிக்கலாம், அவரு பேரன் அடிக்கலாம், வழிப்போக்கன் அடிக்கலாம். நான் எந்த மூஞ்சிய வச்சுட்டு அடிக்கறது? சம்மதமில்லன்னு ஊரு முன்னால சொன்னவன், இப்பச் சம்மதம் வாங்கிக்கன்னு கூப்பிடறதா?

அதானுங்க பஸ்ஸு.

ராமாத்தாவா? அவ இருந்திருந்தா இந்நேரம் என்னய உக்கார வச்சிருக்க மாட்டா. மகளுக்குப் பொள்ளாச்சியில பிரசவம், பாக்கப் போயிருக்கறா. போறப்ப அஞ்சாறு தடவை சொல்லிட்டுப் போனா, நெஞ்சுல என்னமோன்னா ஒடனே அவளக் கூப்பிடுங்க, ஒடனே கூப்பிடுங்கன்னு. நாக்குக்கு அடியில வைக்கற மாத்திரையவும் சட்டைப் பையில போட்டு உட்டுட்டுப் போனா. வச்சுட்டேனுங்க, ஏறுறதுக்கு முந்தியே ஒண்ணு வச்சேன். இப்ப ஓடைப் பாலந் தாண்டினப்ப இன்னொண்ணு. வாயுவுக்கு அது கேக்காதாட்ட இருக்குது.

ஏனுங்க, எதுக்கு என் மூஞ்சியவே பாக்கறீங்க? வேர்வைங்களா. பஸ்ஸுக்குள்ள புழுக்கந்தானே. உங்களுக்கு வேர்க்கலியா? கையா, இந்த இடது கை சித்த மரத்தாப்பல இருக்குது, கேனு தூக்கற கை, அதனால இருக்கும். இல்லீங்க, கண்டக்டர எதுக்குக் கூப்பிடறீங்க. வேண்டாங்க. தம்பி, வேண்டாம். எல்லாருந் திரும்பிப் பாக்கறாங்க...

பஸ்ஸ நிறுத்திட்டாங்களா?

சரி. சரி, உக்காந்துக்கறேன். சட்டைப் பொத்தானையா, கழட்டுங்க. ஆஸ்பத்திரி இன்னும் தொலைவுங்களா? பஸ்ஸு போற வேகத்துக்கு, ஆமா. பெரிய வண்டியக் கூப்பிட்டா அது அந்தக் கோடியில இருந்து வரோணும். எங்கூரு வண்டின்னா பக்கந்தான். பின்னாலயேதான். நம்பரு... செவுத்துலயெல்லாம் இருக்குதே, மனப்பாடந்தான் எனக்கு. சொல்றேன், அடிங்க. ஆனா என் பேரச் சொல்லாதீங்க. பஸ்ஸுல ஒரு பெரியவருக்கு முடியலன்னு மட்டுஞ் சொல்லுங்க.

பேரச் சொன்னா வராமப் போயிருவாளோன்னு இல்லீங்க தம்பி. வராம இருந்துட்டான்னா எனக்குப் பாதி பாரம் எறங்கிப் போயிருக்கும். வருவா. பேரக் கேட்டுட்டும் வருவா. அதத்தான் என்னால...

எடுத்துட்டாளா? அவ கொரலுதான். என்ன கேக்கறா? வேர்க்குதான்னா, வேர்க்குதுன்னு சொல்லுங்க. கையும் சொல்லிருங்க. மாத்திரை ரெண்டு வச்சாச்சுன்னு சொல்லுங்க. படுக்க வைக்க வேண்டாமா? சாஞ்சு உக்காரறேன். முழங்காலச் சித்த மடக்கோணுமா, ஆச்சு. நடக்கப்படாதா, எங்க நடக்கறது. வண்டி எடுத்தாச்சாமா? செல்லுக்குள்ள என்ன சத்தம் அது, பாஷா வண்டிதான், அந்த மிசின் சத்தம் எனக்குத் தெரியும்.

என்ன, என்ன சொல்றா? நாந்தானான்னு கேக்கறாளா? நீங்க பேரச் சொல்லலியே... அப்ப எங் கொரலு கேட்டிருக்குது. இத்தன மாசமா கேட்டுக்கு வெளியில நின்னு கேட்ட கொரலுதானே.

ஆமான்னு சொல்லுங்க. இனி என்ன.

இன்னும் என்ன கேக்கறா? எங்கிட்டக் கேட்டுச் சொல்லோணுமா? என்னன்னு... தொடலாமான்னா? முழிச்சிருக்கறவரத் தொடறதுக்கு முந்திக் கேக்கோணும், அதுதான் எங்க பழக்கங்கறாளா? வேண்டாம்னா பாஷாவ மட்டும் பக்கத்துல அனுப்பிட்டு அவ தள்ளி நின்னு சொல்றாளாமா?

பாத்தீங்களா தம்பி. நெஞ்சடைக்கறவங்கிட்ட வந்து கேள்வி கேக்கறா பாத்தீங்களா. அன்னிக்கு மட்டும் கேக்காமத் தொட்டா... இன்னிக்கு... பின்னாடி சீட்டுல உக்காந்திருக்கறானே, அவன் காளியண்ணன் மச்சான். காதத் தீட்டிட்டு உக்காந்திருக்கறான். மெதுவாச் சொன்னா அவளுக்குக் கேக்குமா? கேக்காதா?

வலி சித்த ஏறுதுங்க.

செல்ல இங்க குடுங்க. இப்படி, காதுகிட்ட. ஏம்மா... நாந்தான். சென்னியப்பன். ஆமா. கேக்குதா? தொடலாம்மா. நீயே வா. அவனெல்லாம் வேண்டாம், நீ வா. சீக்கிரம் வா.

இந்தாங்க தம்பி, செல்லு. கொஞ்சம் நவுந்துக்குங்க. பின்னாடி ரோடு தெரியோணும்.